இழை எடுக்க ஒரு ராத்திரி வளவ விட்டுக்குடுங்க: செட்டிநாட்டு வீடுகள ஹோட்டலா நடத்துறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டுல பழைய வீடுகள ஹோட்டலா நடத்துற முதலாளிகளுக்கும், மேனேஜர்களுக்கும், வீட்டைக் குத்தகைக்கு எழுதிக்குடுத்துட்டு சென்னையிலயும் சிங்கப்பூர்லயும் இருக்குற என் பங்காளிகளுக்கும்,

வணக்கம். மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்களத் திட்டுறதுக்காக இத எழுதல. வருஷத்துல ஒரு ராத்திரி, எங்க பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்க வளவ, அதாவது வீட்டு நடு முற்றத்த, விட்டுக்குடுங்கன்னு கேக்கத்தான் எழுதுறேன். நீங்க வராம இருந்திருந்தா இந்த வீடுகள்ல பல வீடு இன்னிக்கு நின்னுட்டே இருக்காது, அது எனக்கு நல்லாவே தெரியும். நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க தெருவுலயே ஒரு வீட்டை இடிச்சாங்க. பர்மா தேக்குத் தூண், ரெண்டு கையால கட்டிப்பிடிச்சாலும் விரல் முட்டாது, அத கயிறு கட்டித் தெருவுல இழுத்துட்டுப் போனாங்க, மண்ணுல அது போன தடம் மழை பெய்யிற வரைக்கும் அப்படியே கிடந்துச்சு. அந்த வீட்டு நெலக்கதவு, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் பாத்திரம் எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போச்சு, அங்கேர்ந்து எங்கெங்கயோ போச்சு. எழுபது எண்பதுகள்ல இப்படிப் போன வீடு எத்தனையோ. ஒரு வீட்டுக்கு இருபது புள்ளி பங்கு இருக்கும் (கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி), ஒருத்தர் மலேசியால ஒருத்தர் கோயமுத்தூர்ல, ஓடு மாத்தக்கூட எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கணும், வாங்குறதுக்குள்ள உத்தரம் செல்லரிச்சுப் போயிடும். இந்த நெலமையில தொண்ணூறுகளோட கடைசில காரைக்குடில பங்களா, அப்புறம் கானாடுகாத்தான்ல விசாலம், கடியாபட்டில சிதம்பர விலாஸ், கோத்தமங்கலத்துல சாரதா விலாஸ்னு ஒவ்வொண்ணா விருந்தாளிகளுக்குத் தெறந்தப்ப எங்களுக்கெல்லாம் போன உசுரு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. 2014-ல யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியல்ல செட்டிநாட்டு ஊர்கள் சேந்தப்ப, ஊர்ல இருக்குற பெரியவுக அந்தப் பேப்பர வெட்டி பெட்டகத்துல வச்சாக.

அதனால நன்றி கெட்டவன்னு நெனச்சுடாதீங்க. ஆனா போன மார்கழில நடந்தத சொல்லாம இருக்க முடியல.

எங்க ஐயா வீடு, ஊரு பேரு வேணாம், காரைக்குடிலேர்ந்து அரைமணி நேரம். பதினோரு புள்ளி பங்கு. குத்தகைக்கு விட்டு ஏழு வருஷம் ஆகுது, வருஷா வருஷம் எங்க பங்குக்கு ஒரு தொகை வருது, வீட்டையும் நல்லாத்தான் வச்சிருக்காங்க. போன வருஷம் பிள்ளையார் நோன்ப அந்த வீட்டு வளவுலயே வச்சுக்கலாம்னு நாங்க அஞ்சாறு குடும்பம் சேந்து முடிவு பண்ணினோம். காரணம் எங்க பெரிய ஆச்சிக்கு எண்பத்தெட்டு வயசு, அவுக கல்யாணம் பண்ணி வந்து எறங்கினது அந்த வளவுலதான், அவுக கையால அங்க ஒரு தடவை இழை வாங்கிக்கணும்னு எல்லாருக்கும் ஆசை. ரெண்டு மாசம் முன்னாடியே ஹோட்டலுக்கு எழுதினோம். பதில் வந்துச்சு, அன்னிக்கு சாயங்காலம் வளவுல விருந்தாளிகளுக்கு காலா டின்னர் இருக்கு, மேடை போட்டு டிஜே வைக்கிறோம், நீங்க வேணும்னா வீட்டுப் பின்பக்கம் இருக்க மூணாங்கட்டுல பண்ணிக்கங்கன்னு.

சரின்னு மூணாங்கட்டுக்குப் போனோம். கேஸ் சிலிண்டர் அடுக்கி வச்சிருக்க எடம். ஒரு பக்கம் பெரிய ஃப்ரிட்ஜ் ரெண்டு உறுமிட்டு நிக்குது. அங்கயே ஒரு மூலையக் கழுவிக் கோலம் போட்டு பிள்ளையார வச்சு, ஆவாரம்பூ வச்சு, பொரி எல்லாம் பரப்பி வச்சு, ஆச்சிய ஒரு பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சோம். அவுக பிள்ளையார் கதை சொல்ல ஆரம்பிச்சாக, பாதில நிறுத்திட்டாக. பாட்டுச் சத்தத்துல பக்கத்துல உக்காந்திருந்த பேத்திக்கே காதுல விழல. அப்புறம் கதை இல்லாமயே ஒவ்வொருத்தரா கும்பிட்டு இழை வாங்கிக்கிட்டோம். திரும்பிப் போறப்ப வளவு வழியாத்தான் போகணும். ஆச்சி தலையக் குனிஞ்சுக்கிட்டு சுவத்த ஒட்டி நடந்தாக. அவுக வீட்டுல, அவுக வளவுல.

அங்க வேல பாக்குற புள்ளைங்க மேல எனக்கு ஒரு துளி கோவம் இல்ல. ரிசப்ஷன்ல இருந்த தம்பி ஓடி வந்து ஆச்சி கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனான், அவன் கண்ணு கலங்கி இருந்துச்சு. அந்த மேனேஜருக்கு நோன்புன்னா என்னன்னே தெரியல, அதான் விஷயம். தெரிஞ்சிருந்தா அவரே மேடைய வேற எடத்துல போட்டிருப்பாருன்னு நான் நம்புறேன். அதனாலதான் இந்த மடல்.

நோன்பு என்னன்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். திருக்கார்த்திகை அன்னிக்கு ஆரம்பிச்சு இருபத்தோரு நாள், நாளுக்கு ஒரு இழையா, இன்னும் கட்டாத புதுக் கோடி வேட்டிலேர்ந்து நூல் எடுத்து வச்சுக்கிட்டே வரணும். மார்கழில சஷ்டியும் சதயமும் கூடுற அன்னிக்கு இருபத்தோரு இழையையும் சேத்துத் திரியாக்கி, பச்சரிசி மாவையும் வெல்லத்தையும் நெய்ய விட்டுப் பெசஞ்சு சின்னதா பிள்ளையார் புடிச்சு, அதுல திரியச் சொருகி ஏத்துவாக. வீட்டுல மூத்தவுக அத ஒவ்வொருத்தர் கைலயா எடுத்துக் குடுப்பாக, எரியிற சுடரோட அப்படியே வாயில போட்டுக்கணும். சின்ன வயசுல பயமா இருக்கும், வாய் சுட்டுடும்னு அழுவோம், அப்பத்தா தாடையப் புடிச்சுக்கிட்டு “கண்ண மூடிக்கடா, பிள்ளையார நெனச்சுக்கடா”ம்பாக, போட்டதும் சுடர் அணைஞ்சு நெய்யும் வெல்லமும் மட்டும் நாக்குல இருக்கும். மாசமா இருக்குற பொண்ணுகளுக்கு வயித்துல இருக்க புள்ளைக்கும் சேத்து ரெண்டு இழை. கப்பல்ல போன நகரத்தார், அதான் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், புயல்ல மாட்டிக்கிட்டு பிள்ளையார வேண்டிக்கிட்டதாகவும், கரை சேந்த பெறகு கைல இருந்த மாவையும் கட்டியிருந்த வேட்டி நூலையும் வச்சே கும்பிட்டதாகவும் கதை சொல்லுவாக. கடல் தாண்டிப் போன சனத்துக்கு இத விட நெருக்கமான சாமி காரியம் வேற எது இருக்கு சொல்லுங்க. இன்னிக்கும் சிங்கப்பூர்லயும் சென்னையிலயும் ஹால் புடிச்சு நூத்துக்கணக்குல கூடி இழை எடுத்துக்கிறாங்க. கட்டின வீடு மட்டும் அன்னிக்கு டிஜே கேக்குது.

இந்த நோன்பு வர்ற நேரம் டிசம்பர் நடுவுலேர்ந்து ஜனவரி மொத வாரத்துக்குள்ள. உங்களுக்கு ரூம் கெடைக்காத சீசன் அது. வெளிநாட்டுலேர்ந்து, பெங்களூர்லேர்ந்து, வடக்கேர்ந்து சனம் வருது. அவுங்க எதுக்கு வர்றாங்க? கிறிஸ்துமஸ் மரமும் டிஜேவும் அவுங்க ஊர்லயே இருக்கு. எண்பத்தெட்டு வயசு ஆச்சி ஒருத்தவுக எரியிற திரிய பேரன் கைல குடுக்குறத ஒரு ஓரமா நின்னு பாக்குறதுக்குக் குடுத்துவச்சிருக்கணும், அத அவுங்க ஆயுசுக்கும் சொல்லுவாங்க. பாக்குறதுக்கு நாங்க வேணாம்னு சொல்லவே மாட்டோம். செருப்பக் கழட்டிட்டு, ஃபோன கொஞ்ச நேரம் பையில போட்டுட்டு வந்து உக்காந்தா அவுங்களுக்கும் ஒரு வாய் பொரியும் பலகாரமும் குடுப்போம். விருந்தாளிய வெறும் வாயோட அனுப்புற வழக்கம் இந்த வீடுகளுக்கு எப்பவுமே கெடையாது.

நான் கேக்குறது ரொம்பப் பெருசு இல்ல. இந்த வீடுகளுக்குன்னு ஒரு வருஷம் இருக்கு. அத நீங்க தெரிஞ்சுக்கணும், உங்க ஹோட்டல் காலண்டர அதுக்குப் பக்கத்துல வச்சுப் பாக்கணும்.

தை பொறந்ததும் பாருங்க. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்குற நகரத்தார் காவடிங்க குன்றக்குடில சேந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல்னு போகும். போறப்ப மட்டுமில்ல, காவடியத் தூக்கிக்கிட்டு நடந்தே திரும்பியும் வருவாக. நாலு நூற்றாண்டுக்குக் கிட்ட நடக்குற நடை. அந்த நாள்ல வழில இருக்க வீடுகள் எல்லாம் திண்ணையில தண்ணி, மோர், சோறுன்னு வச்சிருக்கும், கால்ல கொப்புளத்தோட வர்றவுகளுக்கு திண்ணையில படுக்க எடம் இருக்கும். திண்ணைங்கறதே அதுக்குக் கட்டினதுதான், தெரியாதவனும் வந்து படுத்துட்டுப் போற எடம். இப்ப பல வீட்டுத் திண்ணைக்கு முன்னாடி கயிறு கட்டி செக்யூரிட்டி நிக்கிறாரு. எல்லா நாளும் அவுத்துவிடச் சொல்லல, பாதுகாப்பு வேணும், புரியுது. அந்த நாலு நாள் மட்டும் ஒரு பானை மோரும் ஒரு பாயும் திண்ணையில போட்டு வச்சா என்ன? உங்க விருந்தாளிக்கு மோர் ஊத்திக்குடுக்குற வேலயக் குடுங்க, சந்தோஷமாச் செய்வாங்க.

பொங்கல் கழிஞ்சு வர்ற மொத செவ்வாய்க்கெழம நாட்டரசன்கோட்டையில கண்ணுடைய நாயகி அம்மன் கோயில் முன்னாடி செவ்வாய்ப் பொங்கல். நூத்துக்கணக்கான குடும்பம், புள்ளிக்கு ஒரு பானைன்னு வரிசையா, மொதப் பானை யாருதுன்னு சீட்டுப் போட்டு எடுப்பாங்க, ஒரே நேரத்துல அத்தன அடுப்பும் எரியும். தை மூணாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு. இத எல்லாம் உங்க டிராவல் டெஸ்க்ல கேட்டா ஜல்லிக்கட்டு அலங்காநல்லூர்ல, கார் போட்டுத் தர்றோம்ங்கறாங்க. பக்கத்துல நடக்குற திருவிழா தெரியல.

அப்புறம் வெயில். சித்திரை, வைகாசில ஆளு வராது, ரூம் ரேட்டக் கொறச்சு வப்பீங்க. எனக்குக் கேட்டா இந்த வீட்டோட அருமை தெரியிற மாசமே அதுதான். முகப்புலேர்ந்து பின்வாசல் வரைக்கும் ஒரே நேர் கோடு, இந்தத் தெருவுல நின்னு பாத்தா அந்தத் தெரு வெளிச்சம் தெரியும், காத்து குழாய்ல போற மாதிரி போகும். வளவு மேல தொறந்து கிடக்கும், சூடான காத்து மேல ஏறிடும். சுவர் தடிமன் ஒரு முழத்துக்கு மேல. சுண்ணாம்பையும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேத்து அரைச்சு இழைச்ச பூச்சு, உள்ளங்கைய வச்சா சித்திரை மதியத்துலயும் ஜில்லுனு இருக்கும், கன்னத்த வச்சுக்கிட்டே தூங்கியிருக்கேன். அந்தச் சுவத்த டிரில் போட்டு ஓட்டை பண்ணி ஏசி பெட்டி மாட்டுறப்ப எனக்கு நெஞ்சுல குத்துற மாதிரி இருக்கு. ரூமுக்கு ஏசி வேணும், விருந்தாளி கேப்பாங்க, சரி. பட்டாலைக் கூடத்தையும் வளவையுமாவது விட்டு வைங்க. அதே மாதிரி அந்தப் பூச்சு மேல பிளாஸ்டிக் பெயிண்ட் அடிக்காதீங்க, சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடணும், அடைச்சா உள்ள ஈரம் தங்கி ஓடு ஓடாப் பேந்து வந்துடும். ஒரு தடவை பேந்துட்டா அத அதே மாதிரி இழைச்சுக் குடுக்குற கொத்தனார் இன்னிக்கு ஊருக்கு ஒருத்தர் கூட இல்ல.

ஆடில கும்மாயம் கிண்டுவாக. உளுந்தும் பச்சப்பருப்பும் அரிசியும் வறுத்துத் திரிச்ச மாவு, கருப்பட்டி, நெய். கிண்டுற கை வலிக்க வலிக்கக் கிண்டணும், நெய் பிரிஞ்சு ஓரத்துல வரணும், அப்பத்தான் எறக்கணும். உங்க மெனுவுல வருஷம் பூரா கும்மாயம் இருக்கு, ஆடில மட்டும் இல்ல, ஏன்னா ஆஃப் சீசன்னு சமையல்காரருக்கு லீவு குடுத்துட்டீங்க.

ஐப்பசி மழைய மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்லிக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. எங்க சீமை வறண்ட சீமை. அதனால வீடு கட்டினவுக மழைக்குக் கை நீட்டின மாதிரியேதான் கூரையக் கட்டியிருக்காக. நாலு பக்கத்து ஓடும் வளவப் பாத்துச் சரிஞ்சிருக்கும், மழை அடிச்சா நாலு மூலையிலயும் தண்ணி கயிறு மாதிரி எறங்கும். எங்க அப்பத்தா மொத மழைத் தண்ணிய விட்டுடுவாக, ஓட்டுல இருக்க தூசி தும்பு போகட்டும்னு. அப்புறம் நாலு மூலைக்கும் நாலு பித்தளை அண்டா. தண்ணி விழுற சத்தம் மொதல்ல வெறும் அண்டாவுல தங்கு தங்குன்னு கேக்கும், நெறைய நெறைய அந்தச் சத்தம் எறங்கி கடைசில பொத்து பொத்துன்னு ஆயிடும், பாக்காமலே எந்த அண்டா நெறைஞ்சுதுன்னு அடுப்படிலேர்ந்தே சொல்லுவாக. மேல வேட்டித்துணி கட்டி வடிகட்டி அந்தத் தண்ணிலதான் பருப்பு வேகும். மிஞ்சின தண்ணி வளவுக் கல்லுல ஓடி ஓரத்துப் பொந்து வழியா வாய்க்காலுக்குப் போய் ஊரணிக்குச் சேரும். காவிரிப்பூம்பட்டினத்துலேர்ந்து வந்த சனம்னு சொல்லுவாக, தண்ணி எல்லாத்தையும் கொண்டுபோனதப் பாத்தவுக, அதான் வீட்ட மேட்டுல தூக்கிக் கட்டினாக, தண்ணிய வீணாக்காமயும் கட்டினாக.

இப்ப எங்க வளவு மேல பிளாஸ்டிக் ஷீட்டு. மழை பெஞ்சா மேல தடதடன்னு சத்தம் மட்டும் கேக்குது, ஒரு சொட்டு உள்ள வராது. விருந்தாளிங்க சாப்புடுறப்ப நனையக் கூடாதுன்னு போட்டாங்களாம். சுத்தி தாழ்வாரம் எதுக்கு இருக்கு? தாழ்வாரத்துல மேசையப் போட்டு, முன்னாடி நாலு அண்டாவ வச்சுட்டு, மழைய பாத்துக்கிட்டே சுடச்சுட வெள்ளைப் பணியாரமும் வரமொளகாச் சட்னியும் குடுத்தா அந்த விருந்தாளி அடுத்த வருஷம் மழை பெய்யிற மாசமாப் பாத்து ரூம் போடுவாரு. தயவுபண்ணி அந்த ஷீட்ட எடுங்க. இது என் தனிப்பட்ட கெஞ்சல்.

வரலாறப் பத்தியும் பேசணும். எங்க வீட்டு முகப்புல ஒரு போர்டு வச்சிருக்காங்க, செல்வச் செழிப்புள்ள வணிகர்கள் உலகெங்கும் சென்று திரட்டிய செல்வத்தில் எழுப்பிய மாளிகைன்னு. அவ்வளவுதான். வர்றவங்க அதப் படிச்சுட்டு இவுங்க ஏதோ ராஜா பரம்பரைன்னு நெனச்சுட்டுப் போறாங்க. 1852-ல கீழ் பர்மா வெள்ளக்காரன் கைக்குப் போச்சு, 1869-ல சூயஸ் கால்வாய் தெறந்துச்சு, பர்மா அரிசிக்கு ஐரோப்பாவுல கிராக்கி, காட்ட வெட்டிக் கழனியாக்கணும், அதுக்கு அங்க இருந்த விவசாயிக்குக் கடன் வேணும். வெள்ளக்காரன் பேங்கு அவனுக்குக் குடுக்காது, நம்மவுக குடுத்தாக. எங்க ஐயாவோட அப்பா பதினாலு வயசுல, கடைல எடுபிடி வேல பாக்குற பெட்டியடிப் பையனா ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டித் தொழில் பாக்க, போனாக. மொகல் தெருவுல கிட்டங்கி, ஒரே கூடத்துல பல கடைக்காரவுக ஆளுக்கு ஒரு பெட்டியும் பாயுமா உக்காந்திருப்பாக, அங்கயே சாப்பாடு அங்கயே படுக்கை. மூணு வருஷம் ஒரு கணக்கு, முடிஞ்சாத்தான் ஊருக்கு. பெட்டியடிப் பையன் அடுத்தாள் ஆகி, அடுத்தாள் மேலாள் ஆகி, இப்படிக் காசு சேத்து அனுப்பினதுலதான் தூண் வந்துச்சு, கல்லு வந்துச்சு, கண்ணாடி வந்துச்சு.

அந்த மூணு மூணு வருஷமும் இங்க வீட்ட நடத்தினது யாரு? அப்பத்தாக்களும் ஆச்சிகளும்தான். கொத்தனாருக்குக் கூலி குடுத்து, கணக்கெழுதி, புள்ளை வளத்து, ஓலைக் கொட்டான் முடைஞ்சு, வத்தல் போட்டு, சாமான் அடுக்கி. உங்க போர்டுல அவுக பேர் ஒரு எடத்துலயும் இல்ல. கானாடுகாத்தான் விசாலத்துல மட்டும், ஒரு அப்பா தன் மகளுக்குக் கட்டின வீடுன்னு பேர்லயே இருக்கு, அதக் கேக்குறப்ப எனக்கு எப்பவும் ஒரு சந்தோஷம்.

இன்னொரு பக்கமும் இருக்கு, அதையும் மறைக்காமச் சொல்லணும்னு நான் நெனக்கிறேன், என் பங்காளிகள் சில பேருக்கு இது புடிக்காது. 1930-ல உலகம் பூரா மந்தம் வந்து நெல்லு வெல படுத்துடுச்சு. கடன் வாங்கின பர்மா விவசாயியால திருப்பிக் கட்ட முடியல, நெலம் அடமானத்துல முழுகுச்சு. கீழ் பர்மாவோட முக்கியமான 13 நெல் ஜில்லாவுல 1930-ல விளைநெலத்துல நூத்துக்கு 6 பங்குதான் செட்டியார்கள் கைல இருந்துச்சு, 1938-ல அது 25 ஆயிடுச்சு. நம்மவுகளுக்கு நெலம் வேணும்னு ஆசை இல்ல, பணமாத்தான் வேணும், ஆனாலும் நெலத்த எழந்தவன் பாத்தது செட்டியார் மொகத்ததான். அவன் வயித்தெரிச்சலும் இந்தத் தூண்ல இருக்கு. 1942-ல ஜப்பான்காரன் வந்தப்ப பொட்டியப் போட்டது போட்டபடி விட்டுட்டு நம்மவுக காட்டு வழியா நடந்து வந்தாக, வழில செத்தவுக எத்தனையோ பேரு. சுதந்திரத்துக்கப்புறம் பர்மா 1948-ல நெலத்த அரசுடமையாக்கச் சட்டம் போட்டுச்சு, அறுபதுகள்ல மிச்சம் மீதியும் போச்சு. நாப்பதுகளுக்கு மேல பெரிய வீடுன்னு அதிகம் கட்டல, கட்டக் காசு இல்ல. இந்த வீடுகள் காலியானதே அதனாலதான், உங்க கைக்கு வந்ததும் அதனாலதான்.

இத முழுசாச் சொல்லுங்க. ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் பட்டாலையில நாலு பாய விரிச்சு, ஊர்ல இருக்க பெரியவுக ஒருத்தரக் கூட்டியாந்து பேசச் சொல்லுங்க. பர்மாலேர்ந்து நடந்து வந்தவுக பேரன் பேத்தி இன்னும் ஊருக்கு ஊர் இருக்காக. மியான்மர்லேர்ந்தே ஒரு விருந்தாளி வந்து உக்காந்திருந்தாலும் கூச்சப்படாமச் சொல்லுற மாதிரி சொல்லணும்.

வீட்டுக்கு உழைச்சவுகளையும் சொல்லணும். ஆத்தங்குடிக்கு எல்லாரையும் கார்ல கூட்டிட்டுப் போறீங்க, நல்ல விஷயம். கண்ணாடி மேல அச்ச வச்சு, கலர் கலரா சிமெண்டுக் கொழம்ப கட்டம் கட்டமா ஊத்தி, அச்சத் தூக்கிட்டு மேல காஞ்ச மணலும் சிமெண்டும் தூவி, அதுக்கு மேல ஈரக் கலவை வச்சு அமுக்கி, அப்புறம் தண்ணித் தொட்டில ஊறப்போட்டு எடுத்தா கண்ணாடி தானாக் கழண்டு கல்லு அந்தக் கண்ணாடி மாதிரியே மினுக்கும். சூளையே கெடையாது, எல்லாம் கையும் கண்ணும்தான். ஃபோட்டோ எடுத்துட்டு வந்துடுறாங்க. திரும்பி வந்தா இங்க ஹவுஸ்கீப்பிங்ல அதே பூக்கல்ல ஆசிட் ஊத்திக் கழுவுறாங்க. நூறு வருஷமா வெறுங்காலும் ஈரத்துணியும் பட்டு மினுக்கின கல்லு அது, ஆசிட் பட்டா ஒரே வருஷத்துல வெளுத்துடும். சொல்லிப் பாத்தேன், கிளீனிங் கம்பெனி காண்ட்ராக்ட்ன்னாங்க. ஊர்லயே பொறந்து வளந்த பொண்ணுக ரெண்டு பேர வேலைக்கு வச்சீங்கன்னா அவுகளே சொல்லித் தருவாக, எதால துடைக்கணும், எதால துடைக்கக் கூடாதுன்னு.

இனி என் பங்காளிகளுக்கு. அண்ணே, தம்பி, எல்லாருக்கும்தான். குத்தமெல்லாம் ஹோட்டல்காரவுக மேல போட்டுட்டு நாம கைய கழுவ முடியாது. ஒப்பந்தம் எழுதினப்ப வாடகை எவ்வளவு, எத்தன வருஷம், யாருக்கு எத்தன பங்குன்னு மூணு மாசம் பேசினோமே, சாமி வீட்ட, அதான் உள்ள இருக்க சாமி அறையப் பத்தி ஒருத்தராவது பேசினோமா? நானும் பேசல. இப்ப அதுல லாண்டரி சாமான் இருக்கு. படைப்புக்கு முன்னோருக்குப் புதுச் சேலையும் வேட்டியும் வச்சு இலை போட்டுக் கும்பிடுற எடம். பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி படைக்கணும்னா இன்னிக்கு மண்டபம் தேடுறோம். ஒப்பந்தம் புதுப்பிக்க இன்னும் மூணு வருஷம் இருக்கு, அப்ப மூணே வரி சேத்து எழுதுவோம்னு கேக்குறேன். சாமி வீடு பூட்டியே இருக்கும், சாவி ஊர்ல இருக்க பங்காளிகிட்ட. வருஷத்துல ஒரு நாள் படைப்புக்கும், ஒரு ராத்திரி நோன்புக்கும் வளவு நமக்கு. கல்யாணம் வந்தா சாமி கும்பிடவும் பெரியவுக கால்ல விழவும் ஒரு காலை நேரம் நமக்கு. அதுக்காக வாடகையில கொஞ்சம் கொறைச்சாலும் சம்மதம்னு என் பங்குக்கு நான் இப்பவே எழுதித் தர்றேன்.

ஹோட்டல் நடத்துறவங்களுக்கும் அதேதான், வளவ சும்மா கேக்கல. அந்த ராத்திரிக்கு உங்களுக்கு ஆகுற நஷ்டத்த நாங்க பகிர்ந்து கட்டுறோம். நல்லா நடத்துற வீடுகளும் இருக்கு, விருந்தாளிகள அடுப்படில உக்கார வச்சு ஆச்சிக கையால சமைக்கச் சொல்லித்தர்ற வீடுகள நானே பாத்திருக்கேன், அவுங்களுக்கு இந்த மடல்ல பாதி தேவைப்படாது. மத்தவங்க அவுங்ககிட்டக் கேட்டாலே போதும்.

இந்த வருஷமும் திருக்கார்த்திகை அன்னிக்கு கோடி வேட்டிலேர்ந்து மொத இழைய எடுத்து வைக்கப்போறேன். இருபத்தோராம் நாள் ஆச்சிய கார்ல கூட்டிட்டு வர்றோம், பொரி, மாவு, நெய், ஆவாரம்பூ எல்லாம் நாங்களே கொண்டு வந்துடுவோம். அவுகளால இப்ப தரையில உக்கார முடியாது, அதனால வளவுல அந்தப் பழைய தேக்கு பெஞ்ச கெழக்குப் பாத்து போட்டு வைங்க. ஒரு மணி நேரம் பாட்ட நிறுத்தி வைங்க, ஆச்சிக்குக் குரல் முன்ன மாதிரி எழும்பல, கதை முழுசாச் சொல்லி முடிக்கணும்னு சொல்லிக்கிட்டே இருக்காக.